எஃப்.பி.வி. பந்தய ட்ரோன் கட்டமைப்பு

எஃப்.பி.வி. பந்தய ட்ரோன் என்பது, முகப்பிலுள்ள படக்கருவி அனுப்பும் நேரடிக் காட்சியைக் கண்ணாடித் திரையில் பார்த்தபடியே செலுத்தப்படும் சிறிய நான்கு சுழலி வானூர்தி ஆகும். இதன் பெயர் 'முதல்நபர் பார்வை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. 2016 மார்ச்சில் துபாயில் நடந்த உலக ட்ரோன் போட்டியில் 15 வயது பிரித்தானியச் சிறுவன் லூக் பானிஸ்டர் வென்றபின் இவ்விளையாட்டு பரவலாக அறியப்பட்டது.

இந்தியாவில் இதைச் சொந்தமாகக் கட்டமைக்க ஒரு சட்டக் காரணமும் உண்டு. 2022 பிப்ரவரி 9 அன்று, முழுமையான ட்ரோன்களையும், பிரித்த நிலையில் வரும் தொகுப்புகளையும் இறக்குமதி செய்வதற்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. ஆய்வு, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரிபாகங்களுக்கு இத்தடை இல்லை. எனவே சேலம், நாமக்கல் பகுதிப் பொறியியல் மாணவர் ஒருவர் பந்தய ட்ரோன் வேண்டுமென்றால், பெரும்பாலும் பாகங்களை வாங்கித் தாமே பற்றவைக்க வேண்டியிருக்கும்.

பாகங்கள்

பந்தயத்தில் பரவலாக உள்ளது 5 அங்குல இறக்கை கொண்ட வகை. இதன் முக்கியப் பாகங்கள்:

சட்டகம்: கார்பன் இழைத் தகடு. இது மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது.
மோட்டார்கள்: தூரிகையற்ற வகை, 4. ஒவ்வொன்றுக்கும் 3 கம்பிகள்.
வேகக் கட்டுப்பாட்டுப் பலகை: மின்கலத்தின் நேர்மின்னை மோட்டாருக்கு ஏற்றவாறு மாற்றித் தருவது. நான்கு மோட்டாருக்கும் ஒரே பலகை வைப்பது இன்றைய வழக்கம்.
பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை: சுழல்நிலை உணரியின் தரவைக் கொண்டு சமநிலை காப்பது. பீட்டாஃபிளைட் என்ற திறந்தமூல மென்பொருள் பெரும்பாலும் இதில் இயங்குகிறது.
காட்சி அனுப்பி, படக்கருவி, வானொலி ஏற்பி, லித்தியம் பாலிமர் மின்கலம்.

ஒழுங்கான கம்பியமைப்பு

கம்பிகளை ஒழுங்காக அமைப்பது அழகுக்காக மட்டுமன்று. தளர்ந்து தொங்கும் கம்பியை இறக்கை வெட்டிவிடும். கார்பன் தகட்டின் கூரிய விளிம்பில் உரசி உறை கிழிந்த கம்பி, சட்டகம் வழியே குறுக்குச்சுற்று ஏற்படுத்தும். நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடி கட்டும் பட்டறைகளில் தகட்டு விளிம்பைக் கடக்கும் ஒயருக்கு உறை போடுவது ஏனோ, அதே காரணம்தான் இங்கும்.

மோட்டார் கம்பிகளைக் கையின் நீளத்துக்கு அளந்து வெட்ட வேண்டும். ஆனால் இழுத்துக் கட்டாமல், மறுமுறை பற்றவைக்கப் போதுமான சிறு தளர்வு விட வேண்டும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் கம்பிகளை மாற்றிப் பற்றவைக்கத் தேவையில்லை. மென்பொருளிலேயே திசையை மாற்றலாம். மோட்டாரைப் பொருத்தும் திருகு நீளமாக இருந்தால் உள்ளே செப்புச் சுருளைத் தொட்டு மோட்டாரை எரித்துவிடும். முடுக்கும் முன் ஆழம் பார்க்க வேண்டும்.

மோட்டார் திடீரென வேகம் குறையும்போது மின்னழுத்தம் எகிறும். அது பலகைகளையும் காட்சியையும் பாதிக்காமலிருக்க, மின்கல முனைகளில் ஒரு மின்தேக்கி பற்றவைக்கப்படுகிறது. 6 கலங்கள் கொண்ட மின்கலம் முழு மின்னேற்றத்தில் 25.2 வோல்ட்டு தரும். ஆகவே 35 வோல்ட்டு தாங்கும் மின்தேக்கி ஏற்றது.

முதல் சோதனை

முதன்முறை மின்கலம் இணைக்கும் முன் பன்முக அளவியால் நேர், எதிர் முனைகளுக்கிடையே குறுக்குச்சுற்று உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். முதல் இணைப்பை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வழியே தருவது நல்லது. பிழை இருந்தால் பலகை எரியாமல் தப்பும். மேசையில் சோதிக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் இறக்கை விரலை ஆழமாக வெட்டும். அலைவாங்கி பொருத்தாமல் காட்சி அனுப்பிக்கு மின்சாரம் கொடுத்தால் அது சூடேறிப் பழுதாகும்.

அலைவரிசை

பந்தயங்களில் பயன்படும் 'ரேஸ்பேண்ட்' தொகுதியில் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்சு வரை, 37 மெகாஹெர்ட்சு இடைவெளியில் 8 அலைவரிசைகள் உள்ளன. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த 2018இல் திறக்கப்பட்ட பட்டையின் மேல் எல்லை 5875 மெகாஹெர்ட்சு. எனவே 7, 8ஆம் அலைவரிசைகள் (5880, 5917) அதற்கு வெளியே விழுகின்றன. மற்ற ஆறிலும் ஆற்றல் வரம்பைப் பின்பற்ற வேண்டும்.

சட்டமும் களமும்

2021 ஆகஸ்ட்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோகிராம் வரை எடையுள்ளவை 'மைக்ரோ' வகை. 5 அங்குலப் பந்தய ட்ரோன் மின்கலத்துடன் பொதுவாக இவ்வகையில் அடங்கும். வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோன் இயக்க, தொலை இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெறுவது இவ்விதிகளின் பொது நிபந்தனை.

பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். வானூர்தி நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் இவ்வரம்பு 200 அடி. சேலம் வானூர்தி நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ளது. 2023 அக்டோபரில் அங்குப் பயணிகள் சேவை மீண்டும் தொடங்கியது. ஆகவே ஓமலூர் வட்டாரத்தில் இருப்போர் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பின்னரே களத்தைத் தேர்வு செய்ய வேண்டும். நாமக்கல் நகரம் இந்த வட்டத்துக்கு வெளியே உள்ளது. எனினும் அங்குள்ள கோழிப்பண்ணைகளை விட்டு விலகியே பறக்கவிட வேண்டும். திடீர் இரைச்சலில் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபடும்.

கண்ணாடித் திரை அணிந்தவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது. ஆகவே ட்ரோனை நேரில் பார்த்துக்கொண்டு, ஆளோ ஆடுமாடோ வந்தால் சொல்ல ஒருவர் அருகில் நிற்க வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் இறக்கினால் செம்மண் தூசியும், மோட்டார் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகளும் சேரும். ஒவ்வொரு நாளும் துடைப்பது மோட்டாரின் ஆயுளைக் கூட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்கலத்தைப் பூட்டிய காரிலோ வண்டிப் பெட்டியிலோ விடக் கூடாது. உப்பிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றக் கூடாது. சில நாட்கள் பயன்படுத்தாவிட்டால் கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டு அளவில் வைத்து, தீப்பற்றாத பெட்டியில் பாதுகாக்க வேண்டும்.