உச்சந்தலையில் அரை மூடி நுரை

புதுச்சேரியின் அரியூர், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் ஓர் இளைஞருக்கு முன்மண்டை ஏறத் தொடங்கினால், வீட்டில் முதலில் திட்டு வாங்குவது போர்த் தண்ணீர்தான். அதற்கடுத்து ஹெல்மெட், அதற்கும் பிறகு தலைக்கு எண்ணெய் வைக்காத பழக்கம். தண்ணீர் மீதான சந்தேகத்தைக் கோயம்புத்தூரில் மருத்துவர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 15 பெண்களின் முடியை வாங்கி, ஒரு பகுதியைக் கடின நீரிலும் மறுபகுதியை வாலைவடி நீரிலும் தினம் 10 நிமிடம் என 30 நாள் ஊறவைத்து, இழுத்து அளந்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி முடியின் வலுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், பாகிஸ்தானில் பின்னர் நடந்த ஆய்வு ஒன்று வலு குறைவதாகச் சொன்னது. ஆனால் இரண்டுமே பேசுவது தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் உயிரற்ற முடித்தண்டைப் பற்றி. உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கலாம், நடுவில் ஒடிய வைக்கலாம். அதுவே சொட்டைக்கும் காரணமென்றால், அதே தண்ணீர் விழும் பிடரியும் காதோரமும் ஏன் அடர்த்தி குறையாமல் இருக்கின்றன?

பதில் வேர்ப்பகுதியில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது: பருவமடையும் முன்பே விதைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுந்தது. அந்த ஹார்மோன் தோலில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறி, முன்மண்டையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளர வேண்டிய முடி சில மாதங்களிலேயே வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது. அடுத்து வருவது முன்னதைவிட மெல்லியதாக வருகிறது. வழவழப்பான சொட்டையிலும் வெகுகாலம் வரை மயிர்க்கால் இருக்கும், பூனைமயிராக. மருந்து வேலை செய்யும் வாய்ப்பு அந்தக் காலத்துக்குள்தான்.

சொட்டைக்குப் பூசும் மினாக்சிடில் முடிக்காகப் பிறந்த மருந்தல்ல. அப்ஜான் நிறுவனம் கண்டுபிடித்த இது, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி அடர்ந்தது. வேண்டாத அந்த விளைவையே பயனாக்கி, 1988இல் 2% திரவமாகவும், 1997இல் ஆண்களுக்கு 5% திரவமாகவும், 2006இல் 5% நுரையாகவும் கொண்டுவந்தார்கள். தலைத்தோலில் உள்ள சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி மினாக்சிடிலை மினாக்சிடில் சல்ஃபேட்டாக மாற்றிய பிறகுதான் அது வேலை செய்யும். இந்த நொதி ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஒரே மருந்தை வாங்கிய இருவரில் ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். பலித்தவர்களுக்கு ஓய்வில் கிடக்கும் மயிர்க்கால்கள் சீக்கிரம் விழித்து, வளரும் பருவத்தில் அதிக காலம் நிற்கின்றன. ஹார்மோனை இம்மருந்து தொடுவதே இல்லை. ஆகவே சுருக்கும் வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இனி நுரைக்கு வருவோம். திரவத்திலும் 5%, நுரையிலும் 5%. நுரை என்பதற்காக முடி கூடுதலாக வளராது. வேறுபாடு, மருந்தைச் சுமக்கும் பொருளில். திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பலருக்கு அரிப்பு, பொடுகு போன்ற உதிர்வு, பிசுபிசுப்பு தருகிறது; நுரையில் அது இல்லை. ஆல்கஹால் இரண்டிலும் உண்டு, எரிச்சல் முழுக்க நீங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என்றாலும் தினம் இரண்டு வேளை, ஆண்டுக்கணக்கில் பூச வேண்டிய மருந்துக்கு இந்தச் சிறிய சௌகரியம் பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. வியர்த்து வழியும் புதுச்சேரிக் கோடையில் நெற்றியில் பிசுபிசுவென்று இறங்கும் திரவத்தை இரண்டே மாதத்தில் மூலையில் போடுபவர்கள், காய்ந்துபோகும் நுரையைத் தொடர வாய்ப்பு அதிகம். 352 ஆண்களிடம் 16 வாரம் நடந்த ஆய்வில், மருந்து நுரை பூசியவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 21 முடி கூடியது. வெறும் நுரை பூசியவர்களுக்கு 5. இந்த ஆய்வு 2007இல் வெளியானது.

பூசுவதிலும் பக்குவம் வேண்டும். உடல்சூட்டிலேயே உருகும்படி செய்யப்பட்ட நுரை இது. மே மாதத்தில் விரல்நுனியில் வைத்த கணமே தண்ணீராகிவிடும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, கேனைக் கவிழ்த்து அரை மூடி அளவு எடுத்து, முடியை விலக்கி, ஈரமில்லாத தலைத்தோலில் படும்படி தேய்க்க வேண்டும். முடிமேல் பூசினால் வீண். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. கேனுக்குள் நுரையைத் தள்ளுவது சமையல் கேஸில் உள்ள அதே பியூட்டேனும் புரொப்பேனும். அடுப்பு, பீடி, கற்பூரம் எதன் அருகிலும் பூசக் கூடாது. பூனைகளுக்கு இம்மருந்து கொடிய நஞ்சு. பூனை வளர்க்கும் வீடுகளில் தலையணையைக்கூடக் கவனிக்க வேண்டும்.

தொடங்கிய சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பலர் பயந்து நிறுத்துகிறார்கள். ஓய்விலிருந்த பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் வரும் உதிர்வு அது, தானே அடங்கும். “நிறுத்தினால் இருப்பதும் போய்விடுமாமே?” என்பது அதைவிட நியாயமான கேள்வி. மருந்தால் வந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போகும். மருந்தே இல்லாமல் இருந்திருந்தால் எந்த நிலையோ, ஏறக்குறைய அந்த நிலைக்குத் தலை வரும். கூடுதல் சேதம் எதுவும் இல்லை. ஆனால் தொடர்ந்து செலவு செய்ய முடியாதவர், மூன்று மாதத்துக்கு மட்டும் கடன்பட்டு வாங்குவதில் பயனில்லை. அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழிகள் உண்டு, சொட்டை நோயும் அல்ல. எண்ணெய் வைப்பது தலைத்தோலின் வறட்சிக்கு நல்லதாக இருக்கலாம். சுருங்கிய மயிர்க்காலை அது மீட்காது. வழுக்கையைக் குணமாக்குவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலேயே, ஜே அட்டவணையில், இருக்கிறது.

மெடிக்கலில் கேன் வாங்கும் முன் ஒருமுறை தலையைக் காட்டிவிடுவது நல்லது. அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. டெங்கு, டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும் முடி பெரும்பாலும் தானாகத் திரும்பும். வட்டவட்டமாகக் கொட்டுவது வேறு நோய். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றுக்கு நுரையில் விடை இல்லை. இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது. பூசிய பின் படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரம்பரைச் சொட்டைதான் என்று உறுதியானால், முதல் நாளே உச்சியையும் முன்மண்டையையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஆறாம் மாதம் அதே இடத்தில் நின்று மீண்டும் எடுத்து ஒப்பிடலாம். அதுவரை கண்ணாடியை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.