பழைய காம்பவுண்ட் வில்: நாணை மாற்றினால் போதுமா, வில்லையே மாற்றணுமா?

2023 உலக சாம்பியன்ஷிப்பில் அதிதி சுவாமி, ஓஜஸ் தேவ்தலே இருவரும் காம்பவுண்ட் வில்லில் தனிநபர் தங்கம் வென்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாக இடம்பெறுகிறது. நீங்களும் வார இறுதிப் பயிற்சிக்காக, யாரோ விற்ற பழைய வில் ஒன்றை வாங்கியிருக்கலாம். அதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? போட்டித் தரத்தில் புது வில் வாங்கினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டலாம். அதனால் யோசித்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது.

சுருக்கமான பதில்: வில்லின் வயதை மட்டும் பார்க்காதீங்க. லிம்ப், பொருத்தம், உதிரிபாகம் மூன்றையும் பாருங்க.

வில்லுக்குள் என்ன நடக்கிறது?

இரு முனைகளிலும் இருக்கும் கேம் என்ற சக்கரங்கள்தான் இந்த வில்லின் சூட்சுமம். 60 பவுண்டு வில்லில் 80% 'லெட்-ஆஃப்' இருந்தால், முழுசா இழுத்த பிறகு உங்கள் விரல்கள் தாங்குவது 12 பவுண்டுதான். மீதிச் சுமை வில்லுக்குள்ளேயே இருக்கிறது. சும்மா மாட்டி வைத்திருக்கும்போதும் லிம்ப்கள் வளைந்த நிலையில், அழுத்தத்தில்தான் இருக்கும். அதனால்தான் 'பிரெஸ்' கருவி இல்லாமல் வீட்டில் நாணைக் கழற்றக் கூடாது.

எதை மட்டும் மாற்றினால் போதும்?

நாணும் கேபிளும் தேயும் பாகங்கள். பொதுவாக 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். தினமும் எய்பவர்கள் அதற்கு முன்பே. இழை பிரிந்தாலோ, நாண் நீண்டு கேம்கள் ஒரே நேரத்தில் சுழலாமல் போனாலோ, உடனே மாத்திடுங்க. "வில் முன்ன மாதிரி இல்ல" என்கிற புகார் பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

எப்போது தொடவே கூடாது?

லிம்ப் மீது பஞ்சை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே விரிசலோ சிம்போ இருக்கலாம். கேம் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பு இல்லாமல் ஒருமுறை நாணை விட்டிருந்தால், அம்புக்குப் போகவேண்டிய ஆற்றல் வில்லையே தாக்கியிருக்கும். வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த வில்லும் சந்தேகத்துக்குரியதுதான். இப்படிப்பட்ட வில்லைச் சோதனைக்குக்கூட இழுக்காதீங்க. உடைந்தால் முதலில் ஆபத்து உங்கள் முகத்துக்கும் கைக்கும்தான். அனுபவமுள்ள டெக்னீஷியன் பார்க்கட்டும். லிம்ப், கேம் கிடைத்தால் சரிசெய்யலாம். அந்த மாடலுக்கு உதிரிபாகமே வருவதில்லை என்றால், அதோடு விட்டுவிடுங்கள்.

பொருத்தம் ஏன் முக்கியம்?

ரிகர்வ் வில் போல இதை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்க முடியாது. இழுவை நீளத்தைக் கேம்தான் தீர்மானிக்கிறது. உங்கள் நீளத்துக்கு அதைச் சரிசெய்ய முடியாவிட்டால், புத்தம் புது வில்லாக இருந்தாலும் உங்களுக்கு அது தவறான வில்தான்.

புது மாடல் புள்ளி கூட்டுமா?

விளம்பரங்கள் வேகத்தைச் சொல்லும். தூரத்தைக் கண்ணால் கணிக்கவேண்டிய வேட்டையில் அது உதவும். இந்தியாவில் வேட்டைக்குத் தடை. சர்வதேசப் போட்டியில் தூரம் 50 மீட்டர் என்று முன்பே தெரியும், இழுவை எடைக்கும் 60 பவுண்டு உச்சவரம்பு உண்டு. 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. அதில் திரும்பத் திரும்ப அம்பு விழ, வேகத்தைவிடச் சீரான கைதான் வேண்டும்.

ஆக, லிம்ப் பத்திரமாக இருக்கிறது, அளவு பொருந்துகிறது, பாகங்களும் கிடைக்கின்றன என்றால் புது நாண் போட்டுத் தொடருங்கள். மிச்சமாகும் பணத்தை அம்புக்கும் பயிற்சிக்கும் செலவழிக்கலாம். லிம்ப் மீது சந்தேகம் வந்தால் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க. அந்த வில்லை இன்னொருவருக்கு விற்கவும் செய்யாதீங்க.