முதுகில் ஓர் ஊசி: அச்சமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

பிள்ளைக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். நான்காம் நாள் வலிப்பு வருகிறது. கண் விழித்த பிள்ளை பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் பார்க்கிறது. பதறியடித்துக் கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். "முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், சம்மதமா?" என்று டாக்டர் கேட்கிறார். வாப்பாவோ கட்டாரில். கூட வந்த உம்மம்மா, "வேணாம் மகள், முதுகுல குத்தினா பிள்ளை முடமாப் போயிரும்" என்று அழுகிறார்.

சகோதரிகளே, இப்படி ஒரு நிலை நம் எவருக்கும் வரலாம். அந்நேரம் தடுமாறாதிருக்க, சில உண்மைகளை இப்போதே தெரிந்து வைத்துக் கொள்வோம்.

மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று ஓடிக் கொண்டிருக்கிறது. மூளையை வைரஸ் தாக்கினால் அதன் தடயம் இந்நீரில் தெரியும். இரத்தத்தை மட்டும் சோதித்தால் கிருமி உடம்பில் இருப்பது தெரியலாம். மூளைக்குள் புகுந்துவிட்டதா என்பதை இந்நீரே சொல்லும்.

முள்ளந்தண்டு வடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்கும் கீழே. எனவே வடத்தில் ஊசி படுவதில்லை. எடுப்பது சில மில்லிலீற்றர் மட்டுமே. பெரியவர் உடம்பில் தினமும் சுமார் அரை லீற்றர் நீர் புதிதாக ஊறுகிறது. சிலருக்குப் பின்னர் தலைவலி வரலாம், அது மாறிவிடும். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் டாக்டர்களே ஊசியைத் தள்ளிப் போடுவார்கள்.

எடுத்த நீரில் முதலில் அணுக்கள், புரதம், சீனி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வைரஸ் சோதனைக்குரிய மாதிரிகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்கின்றன. ஜப்பானிய மூளைக் காய்ச்சலானால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை நீரில் தேடுவார்கள். அது தோன்றச் சில நாட்கள் ஆகும் என்பதால் இரண்டாம் முறையும் சோதிக்க நேரலாம். ஹெர்ப்பிஸ் வைரஸானால், பி.சி.ஆர். முறையில் அதன் மரபுப் பொருளையே பெருக்கிக் கண்டுபிடிப்பார்கள்.

பெயரைக் கண்டுபிடித்து என்ன பயன்? ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. மருந்தின்றி விட்டால் 100 பேரில் சுமார் 70 பேர் இறக்கக் கூடிய நோய் அது. ஆகவேதான் முடிவு வருமுன்னரே மருந்தை ஆரம்பித்து விடுகிறார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தனி மருந்தில்லை. ஆனால் நோய் உறுதியானால் ஊரைக் காக்கலாம்.

"நம்மூரில் பன்றி இல்லையே, அந்நோய் எப்படி வரும்?" என்று சிலர் கேட்பதுண்டு. பன்றியில் மட்டுமல்ல, கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் இவ்வைரஸ் வாழ்கிறது. வயல் நீரில் பெருகும் நுளம்பு அதை மனிதருக்குக் கொண்டு வருகிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய் வயல்களில் கொக்குகளுக்குப் பஞ்சமா? 1985-86இல் நம் அயல் மாவட்டமான அநுராதபுரத்தை மையமாகக் கொண்டு பரவிய இந்நோய் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 1988இல் தடுப்பூசி தொடங்கிய பின்னரே அது அடங்கியது. ஒரு வயது நிறைந்ததும் கிளினிக்கில் இலவசமாகப் போடும் அத்தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, நோயாளியுடன் பாதைக்காகக் கடலோரம் காத்துக் கிடந்தோம். இன்று அந்தத் தாமதம் இல்லை. காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ புத்தி மாறாட்டமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். டாக்டர் சம்மதம் கேட்டால், சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்து கையொப்பமிடுங்கள். நம் அச்சம் பிள்ளையின் நேரத்தைத் தின்றுவிடக் கூடாது.