மட்கார்டில் ஒரு முகவரி
போர்க்காலச் சாலை – 9

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில் சிம்பாங் பூலாய் முச்சந்தி வரும். சுண்ணாம்பு மலையில் உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு லோரிகள் இறங்குகின்றன. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இங்கே கிழக்கே திரும்புகிறார்கள். 1941 டிசம்பர் கடைசி வாரத்தில் இதே சாலையில் தெற்கு நோக்கிப் போனவை பட்டாள லோரிகள். ஜித்ராவில் ஜப்பானியரிடம் தோற்று, ஈப்போவையும் விட்டுவிட்டு, கம்பார் குன்றுகளில் காலூன்றப் பின்வாங்கிக்கொண்டிருந்தது 11ஆவது இந்திய டிவிஷன்.

சென்ற வாரம் ஜித்ரா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த வாசகர் ஒருவர் ஒரு படத்தின் நகலை அனுப்பியிருந்தார். தாத்தாவின் தகரப்பெட்டியில் இருந்ததாம். ரப்பர் மர வரிசையின் ஓரம் ஒரு லோரி. அதன் முன்னால் சட்டை போடாத இரண்டு சிறுவர்கள். "ஐயா, இது யாருடைய வண்டி?" என்பது அவர் கேள்வி.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'எல்', அதன் பின் சில இலக்கங்கள். அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் வண்டியின் பதிவெண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து அது எந்த வகை வண்டி என்று சொல்லிவிடும். 'எல்' என்றால் லோரி. 'இசட்' சிறிய டிரக், 'எம்' கார், 'சி' மோட்டார் சைக்கிள், 'ஏ' ஆம்புலன்ஸ், 'டி' டாங்கி. ஆனால் இந்த எண் வண்டிக்கு உரியது. படைப்பிரிவுக்கு உரியது அல்ல. வண்டி கைமாறினாலும் எண் மாறாது. எந்தப் படைக்குச் சொந்தம் என்று அறிய மட்கார்டைத்தான் பார்க்க வேண்டும்.

மட்கார்டில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். ஒரு பக்கம் டிவிஷனின் சின்னம், மறுபக்கம் எண் எழுதிய வண்ணச் சதுரம். சின்னம் ஊர் என்றால் சதுரம் வீட்டு எண். ஒரு காலாட்படை டிவிஷனில் மூன்று பிரிகேடுகள், ஒரு பிரிகேடில் மூன்று பட்டாலியன்கள் என்பது பொதுக்கணக்கு. மூன்று பிரிகேடுகளுக்கும் முறையே சிவப்பு, பச்சை, பழுப்பு. பீரங்கிப்படைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம். சிக்னல் படைக்கு மேலே வெள்ளை, கீழே நீலம். உணவும் பெட்ரோலும் தோட்டாவும் சுமக்கும் சர்வீஸ் கார்ப்ஸுக்குச் சதுரத்தைக் கோணலாக வெட்டிச் சிவப்பும் பச்சையும்.

நம் படத்தில் இருப்பது கோணல் வெட்டு. ஒரு பாதி ஏறக்குறையக் கறுப்பு, மறுபாதி சாம்பல். அக்காலத்து ஃபிலிம் சிலவற்றில் சிவப்பு கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். இது தெரியாமல் கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணம் தேடினால் வழி தவறிப்போகும். கறுத்த பாதியைச் சிவப்பென்று கொண்டால் கணக்கு நேராகிறது. இது சண்டைக்காரர்களின் லோரி அல்ல, சுமை வண்டி.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 1944இல் ஐரோப்பாவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் டிவிஷன்களில் சிவப்பில் 55, 56, 57 முதல் பிரிகேடின் பட்டாலியன்கள். பச்சையில் 60, 61, 62. பழுப்பில் 67, 68, 69. அந்தப் பட்டியலை அப்படியே 1941ஆம் ஆண்டு மலாயாவுக்குப் பொருத்தினால் பிழைதான் வரும். முதலில் காலம், பிறகு களம், அதன் பிறகுதான் எண்.

மலாயாவில் அமைப்பே வாரத்துக்கு வாரம் மாறியது. ஜித்ராவில் நொறுங்கிய லெஸ்டர்ஷயர், கிழக்கு சரே பட்டாலியன்கள் இரண்டையும் 1941 டிசம்பர் 20இல் ஈப்போவில் ஒன்றாக்கி 'பிரிட்டிஷ் பட்டாலியன்' என்று பெயரிட்டார்கள். 6ஆவது, 15ஆவது பிரிகேடுகள் சேர்ந்து 6/15 ஆயின. ஜாட்டுகளும் பஞ்சாபிகளும் ஒரே பட்டாலியனில் நின்றார்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியவர்கள் இப்படி ஒட்டுப்போட்ட படையினர்தான். தாளில் இருந்த அமைப்பும் சாலையில் போன அமைப்பும் ஒன்றல்ல என்பதை ஆராய்கிறவர் மறக்கவே கூடாது.

காலத்தைக் காட்டிக்கொடுப்பது டிவிஷன் சின்னம். இஸ்பேட் ஏஸ் இருந்தால் அது 1942இல் பெங்களூரில் திரட்டப்பட்ட 25ஆவது இந்திய டிவிஷன். சண்டைச்சேவல் இருந்தால் 23ஆவது. இவை இரண்டும் 1945 செப்டம்பரில் மோரிப், போர்ட் டிக்சன் கரைகளில் இறங்கியவை. அந்தச் சின்னம் உள்ள படம் ஓடிய படையைக் காட்டாது, திரும்பி வந்த படையைக் காட்டும்.

பழைய லோரிக்கு இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்று கேட்பீர்கள். அந்த லோரியை ஓட்டியவர் ஒருவர் இருந்தார். இந்திய ராணுவத்தின் சர்வீஸ் கார்ப்ஸில் சென்னை மாகாணத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் உள்ள 850க்கு மேற்பட்ட கல்லறைகளில் 500க்கு மேற்பட்டவற்றில் பெயரில்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பிரிவு என்று தெரிந்தால்தான் எந்த வரிசையில் தேடுவது என்பது தெரியும். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் போர் நாட்குறிப்புகளைத் திறக்கவும் அதே சாவிதான். நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களில் எத்தனையோ பேருக்கு இப்படித் தேட ஒரு வரிசைகூட இல்லை. அதனால்தான் தேட வழியுள்ள ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

வாசகரின் படத்தில் சதுரம் தெரிகிறது. டிவிஷன் சின்னம் இருக்க வேண்டிய மட்கார்டில் சிறுவர்களில் மூத்தவன் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறான். ஓடிய வண்டியா, திரும்பிய வண்டியா என்பதற்கான விடை அந்த முழங்கைக்குப் பின்னால் இருக்கிறது. அன்று எடுத்த இன்னொரு படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருக்கலாம். வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஓரத்தை வெட்டாமல், கறையைத் துடைக்காமல், இருப்பது இருக்கிறபடி நகலெடுத்து அனுப்புங்கள். பையன் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் போதும்.

(தொடரும்)