வெகுமதிக்கு மூளையின் எதிர்வினையும் வளரிளம் பருவ மனச்சோர்வும்

மனச்சோர்வு என்றதும் அழுகையும் சோகமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், முன்பு பிடித்திருந்த விளையாட்டு, பாட்டு, நண்பர் கூட்டம் எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் அந்நோயின் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. வளரிளம் பருவத்தினரிடம் இது சோம்பல் என்றோ திமிர் என்றோ தவறாகக் கொள்ளப்படுகிறது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில், பரிசு வாங்கியும் முகம் மலராத ஒரு மாணவியைத் தலைக்கனம் பிடித்தவள் என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு.

மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி வெகுமதிகளை மதிப்பிடுவதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதற்குச் செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களுள் முக்கியமானது டோபமைன். இதை ‘இன்ப வேதிப்பொருள்’ என்று எழுதுவது பாதி உண்மையே. வுல்ஃப்ராம் சுல்ட்ஸ் என்ற அறிவியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது மாற்றமில்லை. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அவற்றின் செயல்பாடு குறைந்தது. அதாவது, ‘இதனால் நன்மை கிடைத்தது, மீண்டும் செய்’ என்று மூளைக்குக் கற்றுத்தரும் குறிப்பு அது. இக்குறிப்பு மங்கினால் முயலவேண்டும் என்ற உந்துதலே குறையும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தலையில் மின்முனைகள் பொருத்தியவருக்குத் திரையில் இரண்டு கதவுகள் காட்டப்படும். ஒன்றைத் தேர்ந்தால் சிறு தொகை கிடைக்கும், அல்லது கையில் உள்ளது குறையும். முடிவு தெரிந்த ஏறத்தாழ 300 மில்லி வினாடியில், வெற்றிக்கு உரிய மின்னலை ஒன்று பதிவாகும். மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினரிடம் இது சராசரியாகச் சிறியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

நோய் வந்ததால் அலை சிறுத்ததா, அலை முன்பே சிறியதாக இருந்ததா? அமெரிக்காவில் மனச்சோர்வு ஒருபோதும் வந்திராத 444 சிறுமியரை 18 மாதம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. பின்னர் நோயுற்றவர்களிடம் தொடக்கத்திலேயே அந்த அலை சிறியதாக இருந்தது.

இது குழுக்களின் சராசரி. அலை சிறியதாக உள்ள பலருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே தனி ஒரு பிள்ளைக்கு நோயைக் கண்டறிய இச்சோதனை உதவாது. சிகிச்சையில் இக்கருத்துக்கு ஓர் இடம் உண்டு. ‘நடத்தைத் தூண்டல்’ எனப்படும் உளவியல் சிகிச்சையில், ஆர்வம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பத்து நிமிட நடை, ஒரு தோழியுடன் பேச்சு எனச் சிறு செயல்களை நாள், நேரம் குறித்துச் செய்யவைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின் மனநிலை எப்படி இருந்தது என்பதைப் பிள்ளையே எழுதி வைக்கிறது.