விசையுந்தின் பற்சக்கர விகித மாற்றமும் வேகமானித் திருத்தமும்

பற்சக்கர விகித மாற்றம் என்பது சங்கிலியால் இயங்கும் விசையுந்தில் முன் அல்லது பின் சங்கிலிப் பற்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) வேறு பல் எண்ணிக்கை கொண்ட ஒன்றால் மாற்றி, வண்டியின் இழுவைக்கும் உச்ச வேகத்திற்கும் இடையிலான சமநிலையை மாற்றியமைப்பதாகும். செலவு குறைந்த மாற்றம் என்பதால் விளையாட்டு வகை விசையுந்து வைத்திருப்போரிடையே இது பரவலாக உள்ளது. ஆயினும் பல வண்டிகளில் இம்மாற்றத்திற்குப் பின் வேகமானியும் தொலைவுமானியும் (ஓடோமீட்டர்) தவறான அளவைக் காட்டத் தொடங்குகின்றன. எந்த வண்டியில் இப்பிழை நேரும், எதில் நேராது என்பது வேகம் எந்த இடத்தில் அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

விகிதம்

கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டில் உள்ள சிறிய முன் பற்சக்கரம், சங்கிலி வழியாகப் பின் சக்கரத்தோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பின் பற்களின் எண்ணிக்கையை முன் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது இறுதி விகிதம். இது உயர்ந்தால் வண்டி விரைந்து வேகமெடுக்கும். அதே சாலை வேகத்தில் இயந்திரம் கூடுதலாகச் சுழலும். விகிதம் குறைந்தால் இதற்கு நேர்மாறாக நிகழும்.

இந்தியாவில் 2007 இறுதியில் விற்பனைக்கு வந்த யமஹா ஆர்1 வண்டியில் முன்னே 17 பற்களும் பின்னே 45 பற்களும் இருந்தன, விகிதம் 2.647. முன்னே ஒரு பல்லைக் குறைத்து 16 ஆக்கினால் விகிதம் 2.813 ஆகும். அதாவது 6.25 விழுக்காடு உயர்வு. முன் பற்சக்கரத்தை மாற்றாமல் இதே விளைவைப் பெறப் பின்னே ஏறக்குறைய 3 பற்களைக் கூட்ட வேண்டும். முன் சக்கரத்தின் ஒரு பல் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருவதை முதன்முறை மாற்றுவோர் பலர் எதிர்பார்ப்பதில்லை.

தயாரிப்பாளர்களும் இக்கணக்கைக் கையாள்கின்றனர். 2008இல் வெளிவந்த யமஹா ஆர்15 வண்டியில் விகிதம் 42/14, அதாவது 3.000. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 47/15, அதாவது 3.133 ஆனது. எண்ணை மட்டும் பார்த்தால் வண்டி 4.4 விழுக்காடு கூடுதல் இழுவை பெற்றதாகத் தோன்றும். ஆனால் அதே பதிப்பில் பின் டயர் 100/80-17 அளவிலிருந்து 130/70-17 அளவுக்கு மாறியது. டயரின் விட்டம் ஏறக்குறைய 592 மில்லிமீட்டரிலிருந்து 614 மில்லிமீட்டராக, அதாவது 3.7 விழுக்காடு பெருத்தது. ஒன்றை ஒன்று ஈடுசெய்ய, சாலையில் கிடைத்த உண்மையான மாற்றம் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே. எனவே பற்சக்கரத்தையும் டயரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பந்தயங்களில் விகித மாற்றம் வழக்கமான பணி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் தடத்திற்குப் பொருந்தும் விகிதம், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் காரி தடத்திற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பந்தய ஓட்டுநருக்கு வேகமானி தேவையில்லை. அவர் பார்ப்பது இயந்திரச் சுழற்சிமானியை மட்டுமே. சிக்கல் எழுவது பொதுச் சாலையில்தான்.

வேகம் அளக்கப்படும் இடம்

யமஹா ஆர்எக்ஸ்100, பழைய புல்லட், ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் வேகமானியின் வடம் (கேபிள்) முன் சக்கரத்திலிருந்து வருகிறது. முன் சக்கரத்திற்கும் சங்கிலிக்கும் தொடர்பு இல்லை. ஆகவே பற்சக்கரத்தை எப்படி மாற்றினாலும் மானி பிழைபடாது. முன் சக்கர உணரியிலிருந்து வேகத்தைப் பெறும் ஏபிஎஸ் வண்டிகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய விசையுந்துகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டதால் இத்தகைய வண்டிகள் பெருகியுள்ளன. எனினும் இவற்றில் சிலவற்றில் கியர் காட்டியும் இழுவைக் கட்டுப்பாடும் இயந்திரச் சுழற்சியையும் சக்கர வேகத்தையும் ஒப்பிட்டு இயங்குவதால், அவை குழம்பக்கூடும்.

மேற்கூறிய ஆர்1, 2003இல் வந்த ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் போன்றவற்றில் உணரி கியர்பாக்ஸில் உள்ளது. வெளியீட்டுத் தண்டின் சுழற்சியை எண்ணி, தண்டு ஒருமுறை சுழன்றால் வண்டி இவ்வளவு தொலைவு செல்லும் என்ற மாறாத கணக்கில் மானி வேகத்தைக் காட்டுகிறது. 17க்குப் பதில் 16 பற்கள் இருந்தால் அத்தொலைவு குறைந்துவிடும். மானிக்கு அது தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய மானி, இப்போது 80இல் செல்லும்போது 85 என்று காட்டும். மாறாக, முன்னே 18 பற்கள் பொருத்தினால் அதே 80இல் ஏறக்குறைய 75.5 என்று காட்டும். இரண்டாவதே இடர் மிக்கது. ஓட்டுபவர் தாம் வரம்புக்குள் செல்வதாக நம்பியே வரம்பை மீறுவார்.

தொலைவுமானியும் அதே துடிப்புகளையே எண்ணுகிறது. 5,000 கிலோமீட்டர் பராமரிப்பு உண்மையில் 4,706 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 17 கொடுப்பதாகத் தோன்றும். சிறிய முன் பற்சக்கரம் போட்டபின் மைலேஜ் கூடியது என்று சொல்வோரில் சிலர் கண்டது இதுவாகவே இருக்கலாம்.

பிழையை அளத்தல்

சமதளமான, நெரிசலற்ற சாலையில் ஒரே வேகத்தைச் சில வினாடிகள் பிடித்து, மானியை ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிடுவது எளிய முறை. ஜிபிஎஸ் சற்றுப் பிந்திக் காட்டும் என்பதால் வேகமெடுக்கும்போது ஒப்பிடுதல் பயனற்றது. தொலைவைச் சோதிக்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்கள் போதும். திருவண்ணாமலையில் இருப்பவருக்குத் திண்டிவனம் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையின் கற்கள் உதவும்.

இன்னொரு வழியில் சாலையின் துல்லியமான நீளம் தெரிய வேண்டியதே இல்லை. ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள திருவண்ணாமலை கிரிவலப் பாதையை, மாற்றத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அதே இடத்தில் தொடங்கி முடித்துச் சுற்றிவந்து, இரு அளவுகளின் விகிதத்தைக் கண்டால் போதும். முதலில் 14.0 காட்டிய மானி, 16 பல் சக்கரத்திற்குப் பின் 14.9 காட்டும். தொலைவுச் சோதனைக்கு வேகம் பொருட்டன்று என்பதால் மெதுவாகவே செல்லலாம். பௌர்ணமி நாட்களில் இதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. மற்ற நாட்களிலும் நடந்து வலம் வருவோர் இருப்பர்.

திருத்தும் முறை

உணரிக்கும் மானிக்கும் இடையே ஒரு சிறு மின்னணுக் கருவி பொருத்தப்படுகிறது. அங்கேரியைச் சேர்ந்த ஹீல்டெக் நிறுவனத்தின் ஸ்பீடோஹீலர் இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. உணரி அனுப்பும் துடிப்புகளை, நாம் இடும் விழுக்காட்டின்படி கூட்டியோ குறைத்தோ இது மானிக்கு அனுப்புகிறது.

இங்கே இரு இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, 6.25 விழுக்காடு கூடிய அளவைப் பழைய நிலைக்குக் கொணர 6.25 விழுக்காட்டைக் குறைத்தால் போதாது, மிகையாகிவிடும். 85இலிருந்து 80க்கு வர வேண்டியது 5, அது 85இல் 5.88 விழுக்காடு. 16ஐ 17ஆல் வகுத்தும் இதைப் பெறலாம்.

இரண்டாவது சற்று நுட்பமானது. ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குவிதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது. எனவே தயாரிப்பாளர்கள் வேகமானியைச் சற்று மிகையாகவே அமைக்கின்றனர். தொலைவுமானியில் பெரும்பாலும் அந்த மிகை இருப்பதில்லை. ஜிபிஎஸ் வேகத்தோடு பொருந்துமாறு கருவியை அமைத்தால் வேகமானி துல்லியமாகும். ஆனால் இரண்டிற்கும் ஒரே துடிப்புகள் செல்வதால் தொலைவுமானி குறைத்து எண்ணத் தொடங்கும். வண்டியை விற்கும்போது அது வாங்குபவரை ஏமாற்றுவதாக முடியும். ஆகவே பற்சக்கர மாற்றத்தால் வந்த பிழையை மட்டும் நீக்கி, தயாரிப்பாளர் வைத்த மிகையை அப்படியே விடுவது நன்று.

சங்கிலி

520, 525, 530 எனப்படும் சங்கிலிகள் மூன்றிற்கும் கண்ணி நீளம் 15.875 மில்லிமீட்டரே, உள் அகலம் மட்டும் வேறு. பற்சக்கரமும் சங்கிலியும் ஒரே எண்ணுடையவையாக இருத்தல் வேண்டும். ஒரு பல் குறைந்தால் பின் அச்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னே நகரும். மும்மூன்று பற்களாகக் கூட்டும்போது நீளமான சங்கிலி தேவைப்படலாம். முன் சக்கரம் மிகச் சிறிதானால் சங்கிலி கூர்மையாக வளைந்து விரைவில் தேயும். தேய்ந்த சங்கிலியில் புதிய பற்சக்கரம் போடுவதைத் தவிர்த்து, மூன்றையும் செயின் கிட்டாகவே மாற்றுவது வழக்கம்.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 117ஆம் விதி வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் அன்று.