காய்ச்சல் போச்சு, அசதி போகலையா?



காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் ஆகியும் "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு", "எதை எடுக்க வந்தேன்னே மறந்து போகுது" என்று நம் குழுப் பெண்கள் சிலர் சொல்கிறார்கள். வீட்டிலோ "சோம்பேறி ஆயிட்டா" என்ற பேச்சு. இது சோம்பல் அல்ல. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு வரும் உண்மையான உடல் பாதிப்பு.

2006-ல் சிக்குன்குனியா வந்தது நினைவிருக்கும். அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 லட்சம் பேருக்கு மேல் அந்நோய் இருக்கலாம் என்று பதிவானது. காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டுவலியும் அசதியும் பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தன. கொரோனாவுக்குப் பிறகும் இதே கதைதான். நோய் வந்து மூன்று மாதம் கழித்தும் அசதி, மூச்சு வாங்குதல், மறதி, யோசிப்பதில் தடுமாற்றம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் விளக்கம் தந்தது.

முதலில் பரிசோதனை

எல்லா அசதிக்கும் காய்ச்சல்தான் காரணம் என்று விட்டுவிடக் கூடாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை. தைராய்டு, சர்க்கரை நோயும் அசதி தரும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஒட்டன்சத்திரம் அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். "இன்னிக்கு நல்லாருக்கு" என்று மொத்த வேலையையும் இழுத்துப் போட்டால், அடுத்த இரண்டு நாள் படுக்க வேண்டி வரும்.
* களைத்து விழும் முன்பே உட்காருங்கள். வெங்காயம் ஆய்வதோ, முருங்கை கட்டுவதோ, நடுநடுவே ஓய்வு வேண்டும்.
* மறக்கக் கூடாததை எழுதி வையுங்கள்.
* முட்டை, பயறு, கீரை சாப்பிடுங்கள். கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம்.

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், திடீர்க் குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கணக்கு எழுதும் உறுப்பினர் காய்ச்சலுக்குப் பின் கூட்டலில் தடுமாறினால், "பணத்தை எடுத்துட்டாளோ" என்று சந்தேகப்படும் முன் உடம்பைக் கேளுங்கள். கொஞ்ச நாள் இரண்டு பேர் சேர்ந்து நோட்டு எழுதுங்கள். பணத்தை எல்லோர் முன்னும் எண்ணுங்கள். அவருக்கும் நிம்மதி, குழுவுக்கும் பாதுகாப்பு. கூலிக்குப் போக முடியாமல் தவணை தவறினால், கூட்டத்தில் பேசி கால அவகாசம் தந்து தீர்மானம் எழுதுங்கள். வட்டிக்கடைக்கு அவர் போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

பலருக்கு இது மெல்ல மெல்லக் குறையும். அதுவரை அவர் சொல்வதை நம்புவதே முதல் உதவி. அடுத்த கூட்டத்தில் இதை வாசித்து, "உங்களில் யாருக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.